உயிர் உரத்தை உயிராக நடத்துங்கள்: விதையும் உரமும் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

போன மார்கழிப் பட்டத்துக்கு மானிய விதை வாங்க வந்தபோது என் கையில் ஒரு பை கொடுத்தீர்கள். பூஞ்சண மருந்து கலந்து சிவப்புச் சாயம் ஏறிய மல்லாட்டைப் (நிலக்கடலை) பருப்பு, அதே பைக்குள் 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் இரண்டு. ரைசோபியம் என்பது வேரில் முடிச்சுப் போட்டுச் செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கும் பாக்டீரியா, அதுதான் இங்கே உயிர் உரம். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தது ஏப்ரல், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும், வெயிலும் சூடும் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. நான் வாங்கியது டிசம்பர். அந்தப் பொட்டலங்களை உங்கள் ஆள் எங்கிருந்து எடுத்து வந்தார் என்பதையும் பார்த்தேன். தகரக் கூரைக்கு நேர் கீழே, யூரியா மூட்டை அடுக்கின் உச்சியில் அட்டைப் பெட்டியோடு கிடந்தன. அதாவது கத்திரி வெயில் முழுக்க அங்கேதான் இருந்திருக்கின்றன.

காலாவதி ஆகிவிட்டதே என்று கேட்டேன். “எல்லாருக்கும் இதேதான் ஐயா. பில் போட்டாச்சு. வேணாம்னா வரப்புல கொட்டிடுங்க” என்று பதில் வந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் மடல் எழுதவில்லை. வேலைப் பளுவில் யாரும் அப்படிப் பேசிவிடுவார்கள். ஆனால் வரப்போகிற ஆடிப் பட்டத்துக்கும் அதே போலச் சேர்த்துக் கட்டிய பைதான், பிரித்துத் தர முடியாது என்று இப்போது சொல்லிவிட்டீர்கள். இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே செம்மண் மேட்டில் எனக்கு மூன்று ஏக்கர் கொல்லை. ஒரு ஏக்கர் வீட்டையொட்டி இருக்கிறது, அதில் அப்பா காலத்திலிருந்து மல்லாட்டையும் உளுந்தும் மாறி மாறிப் போடுகிறோம். மீதி இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பாக இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தது, பொழுது விடிந்தபோது ஒரு மரம் நிற்கவில்லை. மறுபடி முந்திரி வைத்துக் காய்ப்புக்குக் காத்திருக்கத் தெம்பில்லாமல் எல்லாரையும் போல நானும் சவுக்கு வைத்தேன், இரண்டு தடவை வெட்டி விற்றேன். போன வருஷம்தான் கட்டையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு அந்த இரண்டு ஏக்கரில் முதல் தடவையாக மல்லாட்டை போட்டேன். உங்கள் பையில் இருந்த விதையை, உங்கள் பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைத்துக் கலந்து, நிழலில் உலர்த்தித்தான் விதைத்தேன். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

முப்பது நாளில் செடி வெளிறியது. வீட்டோரக் கொல்லையில் கரும்பச்சையாக நிற்கிறது, நூறு அடி தள்ளி எலுமிச்சைப் பழ நிறத்தில் நிற்கிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கி வரப்பில் நின்றபடியே யூரியா போடச் சொன்னார். வேரைப் பாருங்கள் தம்பி என்று நானே வீட்டோரக் கொல்லையில் இருந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன், நல்ல செடி எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, “இது நூற்புழு, குருணை மருந்து போடணும்.”

படித்துவிட்டு வந்த பிள்ளை, அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை ஒரு நாளாவது வயலில் உட்கார வைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித் தராமல் அனுப்பினீர்களே, அதில்தான் எனக்கு வருத்தம். நூற்புழு தாக்கினால் வேரே வீங்கியிருக்கும், அந்த வீக்கத்தைத் தனியாகப் பிய்க்க முடியாது. ரைசோபியம் முடிச்சு வேரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், நகம் பட்டாலே உதிர்ந்து வரும். அதை நசுக்கிப் பார்த்தால் உள்ளே ரத்தம் போலச் சிவப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சிவப்பு என்ன என்று எனக்கு விளக்கியவள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் என் மகள். காற்றில் ஐந்தில் நாலு பங்கு தழைச்சத்துதான், ஆனால் செடியால் அதை அப்படியே எடுக்க முடியாது. ரைசோபியம் எடுத்துக் கொடுக்கும். அதற்கு அந்த பாக்டீரியா வைத்திருக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டுக்குச் செடி ஒரு வழி வைத்திருக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளை முடிச்சுக்குள் செய்து வைத்து, ஆக்சிஜனைப் பிடித்துப் பிடித்து அளந்து கொடுக்கிறது. அதன் நிறம்தான் அந்தச் சிவப்பு. கூடவே இலையில் செய்த சர்க்கரையையும் முடிச்சுக்கு அனுப்புகிறது. தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரிய அழுத்தமும் கொடுத்துச் செய்கிற வேலையை அந்தக் கடுகளவு முடிச்சு நம் கொல்லை மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகிறது. 1888ல் பெய்ஜரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி இந்த பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிவிட்டார். புதிய விஷயம் ஒன்றும் இல்லை, உங்கள் பாடப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் அந்த யூரியா. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும், சர்க்கரையைச் செலவழித்து பாக்டீரியாவுக்குச் சோறு போட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அடியுரமாகக் கொஞ்சம் வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முடிச்சு ஏன் வரவில்லை என்று பார்க்காமலே மேலுரமாக யூரியா தூவச் சொல்வது, பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காமல் நேரே குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி. வேறு வழியில்லாமல் நானும் போட்டேன். செடி பச்சையானது, கொடி வளர்ந்தது, பிடுங்கும்போது காய் இல்லை.

அந்த இரண்டு ஏக்கரில் மட்டும் ஏன் இப்படி என்று மகளிடம் கேட்டபோதுதான் எனக்கு முக்கியமான ஒன்று புரிந்தது. சவுக்கு வேரிலும் முடிச்சு உண்டு, பவளக் கொத்து மாதிரி. நானே தோண்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் தாத்தா சவுக்கு நாற்றங்கால் போடும்போதெல்லாம் பழைய தோப்பிலிருந்து ஒரு கூடை மண் கொண்டுவந்து கலப்பார், அது இல்லாமல் நாற்று தேறாது என்பார். அந்த மண்ணில் இருந்தது ஃபிராங்கியா என்ற வேறு ஒரு பாக்டீரியா. தாத்தாவுக்குப் பெயர் தெரியாது, ஆனால் இந்த மரத்துக்கு இந்த மண் என்பது தெரிந்திருந்தது. அந்த ஃபிராங்கியா மல்லாட்டைக்கு உதவாது. மல்லாட்டைக்கு வேண்டியது வேறு. முந்திரியும் சவுக்குமாக இத்தனை வருஷம் மல்லாட்டையையே பார்க்காத மண்ணில் அதற்கான ரைசோபியம் எத்தனை மிஞ்சியிருக்கும்? வீட்டோரக் கொல்லையில் வருஷா வருஷம் போட்டுப் போட்டு அது மண்ணிலேயே குடியிருக்கிறது. உங்கள் பொட்டலம் நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும் அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது, இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் போடும் நிலத்தில்தான் பொட்டலம் உயிர்நாடி. தானேவுக்குப் பிறகு முந்திரியை விட்டுச் சவுக்குக்குப் போய், இப்போது சவுக்கை விட்டு மல்லாட்டைக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கம் நான் ஒருவன் மட்டும் அல்ல.

சந்தேகம் தீரட்டும் என்று சித்திரையில் அந்த இரண்டு ஏக்கரிலேயே மூன்று பாத்தி போட்டுப் பார்த்தேன். மருந்து கலக்காத சொந்த விதை, ஒரே நாளில் விதைப்பு, ஒரே தண்ணீர். முதல் பாத்தியில் எதுவும் கலக்கவில்லை. இரண்டாவதில் உங்களிடம் வாங்கிய பொட்டலத்தில் மீதியிருந்தது. மூன்றாவதில் பாகூரில் இருக்கும் என் மைத்துனர் புதிதாக வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து தந்த பொட்டலம். நாற்பதாம் நாள் ஒவ்வொன்றிலும் பத்துச் செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். முதல் பாத்திக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு, பாதி உள்ளே வெள்ளை. மூன்றாவது பாத்தியில் ஆணிவேரைச் சுற்றியே கொத்துக் கொத்தாக இருந்தது, எதை நசுக்கினாலும் சிவப்பு. ஒரு வயலில் ஒரு பட்டம் பார்த்ததை நான் ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பொட்டலம் போட்ட பாத்தியும் ஒன்றுமே போடாத பாத்தியும் ஒன்றாக இருந்தது என்பதை நீங்கள் வந்து பார்த்திருக்கலாம். இரண்டு தடவை ஆள் சொல்லி அனுப்பினேன்.

மைத்துனர் அந்தப் பெட்டியோடு வந்து இறங்கியபோது தெருவில் மீன் விற்க வந்தவர் என்று நினைத்துப் பாத்திரத்தோடு வந்தவர்கள் உண்டு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து பண்ருட்டிச் சந்தைக்குப் போகிற செத்த மீனுக்கு ஐஸ் இருக்கிறது, உயிரோடு போய்ச் சேர வேண்டிய பாக்டீரியாவுக்குத் தார்ப்பாய் மூடிய லாரியும் தகரக் கொட்டகையும்.

நீங்கள் செய்ததில் நல்லதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி கொடுத்தீர்கள். தொட்டித் தண்ணீரோடு கொண்டுவந்தீர்கள், நிழல் வலை கட்டச் சொன்னீர்கள், இன்றைக்கும் எங்கள் வீட்டு மாடு அதைத் தின்கிறது, பாகூரில் மைத்துனர் நெல் வயலிலும் விட்டிருக்கிறார். அசோலா இலைக்குள் ஒரு சின்னப் பொந்து இருக்கிறது, அதில் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருந்து தழைச்சத்துப் பிடித்துக் கொடுக்கிறது. பாசி என்று வழக்கத்தில் சொன்னாலும் அதுவும் பாக்டீரியா வகைதான். நெல் வயலில் இந்த வகைப் பாசிகள் தழைச்சத்துச் சேர்க்கின்றன என்று 1939லேயே பி. கே. தே என்ற நம் நாட்டு விஞ்ஞானி எழுதியிருக்கிறார். அசோலாவை அவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்த அதே கைகள் ரைசோபியத்தை ஏன் இப்படிப் போடுகின்றன என்று யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான். அசோலா செத்தால் பழுப்பாகி நாறும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். ரைசோபியம் செத்தால் ஒன்றும் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் கறுப்புத் தூள், செத்த பிறகும் அதே கறுப்புத் தூள். நாற்பது நாள் கழித்து வேரில்தான் தெரியும், அப்போது பட்டம் போயிருக்கும். எங்களால் பார்த்து வாங்க முடியாத பொருள் என்பதால் முழுக்க முழுக்க உங்களை நம்பித்தான் வாங்குகிறோம்.

இன்னொன்று. அசோலாவுக்குள் இருக்கும் அனபீனா தாய்ச்செடியிலிருந்து பிள்ளைச்செடிக்குக் கூடவே போய்விடும், யாரும் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. மல்லாட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விதைக்குள் ரைசோபியம் வராது. ஒவ்வொரு பட்டத்திலும் முளைத்த வேர் மண்ணில் தன் வாசனையை விட்டு அழைக்க வேண்டும், அங்கே இருக்கிற ரைசோபியம் பதில் கொடுக்க வேண்டும், பக்கவேர் வெடித்து வெளியே வரும் இடுக்கு வழியாக அது உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுச் சம்பந்தம். அழைக்கும்போது பக்கத்தில் உயிரோடு ஆள் இருந்தால்தான் அது கூடும்.

இதைச் சொல்லும்போது என் மகள் ஒரு கடல் பாசியைப் பற்றிச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. அதற்குள் தழைச்சத்துப் பிடிக்கும் ஒரு பாக்டீரியா வெகுகாலம் கூடி வாழ்ந்து, கடைசியில் பாசி இரண்டாகப் பிரியும்போது தானும் கூடவே பிரிந்து, தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றாகிவிட்டதாம். இனி அதை பாக்டீரியா என்று சொல்லாமல் பாசியின் உறுப்பு என்றே சொல்லலாம் என்று 2024ல் விஞ்ஞானிகள் அறிவித்து, நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரும் வைத்தார்கள். அந்த பாக்டீரியாவின் மரபணுத் துணுக்கை அமெரிக்க விஞ்ஞானி ஜோனதன் ஸேர் 1998லேயே பசிபிக் கடல் நீரில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பாசியை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். ஜப்பானில் கியோகோ ஹகினோ என்ற அம்மையார் 300 தடவைக்கு மேல் கடலுக்குப் போய் நீர் எடுத்து, பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டு அதை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வளர்த்துக் காட்டினார். ஒரு உயிரை உயிரோடு வைத்திருப்பதற்காக ஒருவர் பத்து வருஷம் கொடுத்திருக்கிறார். நான் உங்களிடம் கேட்பது நிழலும் குளிர்ச்சியுமான ஒரு அறை.

சட்டமும் ஒன்றும் அலட்சியமாக இல்லை. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உயிர் உரமும் வருகிறது. தூள் வடிவ ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், திரவ வடிவில் ஒரு மில்லிக்கு 10 கோடி. அந்த 5 கோடியில் எத்தனை உங்கள் தகரக் கூரைக்குக் கீழே கத்திரியைத் தாண்டின என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

போன ஆடியில் என் பங்காளி ஒருவர் உளுந்துக்கு ரைசோபியம் கேட்டு வந்தபோது அசோஸ்பைரில்லம் கொடுத்து அனுப்பினீர்கள், எல்லாம் ஒன்றுதான் என்றும் சொன்னீர்கள். ஒன்று அல்ல. அசோஸ்பைரில்லம் நெல், கம்பு, கரும்புக்கு வேரோரம் இருந்து உதவும். அது உளுந்தில் முடிச்சுப் போடாது. இருப்பு இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடிப் பட்டத்துக்கு விதையையும் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டுவதை உடனே நிறுத்துங்கள். வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும், தேதி இருக்கிற பொட்டலத்தை, வாங்க வரும் அன்று தனியாகக் கொடுங்கள். காலாவதியான இருப்பு அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கனவே வாங்கிப்போனவர்களுக்கு மாற்றிக் கொடுங்கள்.

மருந்து கலந்த விதையில் ரைசோபியம் கலப்பதானால் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது. எந்த மருந்து, எந்தத் தேதியில் கலந்தது என்று விதைப் பையின் மேல் தமிழில் எழுதுங்கள். மருந்து கலக்காத விதை கேட்பவருக்கு அதைக் கொடுங்கள். முடியாதென்றால் பொட்டலத்தை விதையில் கலக்காமல் தொழு உரத்தோடு கலந்து மண்ணில் போடும் முறையைச் சொல்லி, அதற்குத் தேவையான அளவு பொட்டலம் கொடுங்கள்.

உயிர் உரத்துக்கு யூரியா கிடங்கிலிருந்து தள்ளி ஓடு வேய்ந்த அல்லது தளம் போட்ட தனி அறை வேண்டும். அறை கட்டப் பணம் இல்லையென்றால் கோடையில் வாங்கி அடுக்காதீர்கள். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னால் வரவழையுங்கள், காலையிலோ இரவிலோ ஏற்றி இறக்குங்கள். வந்த பொட்டலத்தில் ஐந்தாறு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, உயிருள்ள செல் எத்தனை என்ற முடிவைக் கடை வாசலில் ஒட்டுங்கள். கேட்டது இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், வேறொன்றைக் கையில் திணிக்காதீர்கள்.

வயலுக்கு வரும் பிள்ளைகளுக்கு வேர் முடிச்சு பார்க்கப் பழக்கிவிடுங்கள். நாற்பதாம் நாள் செடியைப் பெயர்த்து, அலசி, முடிச்சை நசுக்கிப் பார்க்காமல் மல்லாட்டைக்கோ உளுந்துக்கோ யாரும் யூரியாவோ குருணையோ எழுதித்தரக் கூடாது என்று உத்தரவு போடுங்கள்.

மூன்று பாத்தியும் இன்னும் கொல்லையில் நிற்கின்றன. காய் பிடுங்க ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் ஆடி அதற்கு முன்னால் வந்துவிடும். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு மண்வெட்டியும் வாளித் தண்ணீருமாக நான் வரப்பில் இருப்பேன். நூற்புழு என்று சொன்ன அந்தத் தம்பியையும் தயவுசெய்து கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
கெடிலக்கரை மல்லாட்டை விவசாயி ஒருவர்
கடலூர் மாவட்டம்